ஒரே சாம்பிள், இரண்டு சீட்டு: காணாமல் போன ஒரு பாயிண்ட்

என்னிடம் இருப்பவை நகல்கள்தான். அசல் சீட்டுகளைத் தர அந்த விவசாயி மறுத்துவிட்டார். அவர் மறுத்ததும் நியாயமே. இரண்டு சீட்டிலும் தேதி ஒன்று, லாரி எண் ஒன்று, கிழங்கின் அடர்த்தியும் 1.136 என்று ஒன்றே. முதல் சீட்டில் பாயிண்ட் 28. அரை மணி நேரம் கழித்து அச்சான இரண்டாவது சீட்டில் 27.

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி போடுகிறவர்களுக்குப் பாயிண்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. ஜவ்வரிசி ஆலைக்கு வரும் கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. அதில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். மாவு ஏற ஏறக் கிழங்கின் அடர்த்தியும் ஏறும். சாம்பிளை வெளியே ஒரு முறையும் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறையும் எடை போட்டால் அடர்த்தி கிடைத்துவிடும். அதை ஆலையின் சூத்திரத்தில் போட்டால் பாயிண்ட். பேச்சுக்கு, ஒரு பாயிண்டுக்கு டன்னுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு டன் லாரியில் ஒரு பாயிண்ட் குறைந்தால் 2,000 ரூபாய் போயிற்று. ஆள் கூலி, லாரி வாடகை எல்லாம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவருக்கு அது சிறிய தொகை அல்ல.

வாழப்பாடிக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆலையில் இது நடந்தது. அங்கே பாயிண்ட் பார்க்க இரண்டு அறைகள். முன் அறையில் பழைய மேசைக் கணினி, இன்டெல் வகைப் புராசசர் (கணக்குப் போடும் சில்லு), விண்டோஸ். பின் அறையை அந்தத் தை மாதம்தான் திறந்திருந்தார்கள். அங்கே மேசைக் கணினிக்குப் பதிலாக உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைக் கணினி. அதில் ஏஆர்எம் வகைப் புராசசரும் லினக்ஸும் ஓடுகின்றன. அன்று முன் அறைப் பிரிண்டரில் ரிப்பன் தேய்ந்து, சீட்டில் எடை வரி மங்கலாக விழுந்தது. மேலாளர் அதே சாம்பிள் கூடையைப் பின் அறைக்கு அனுப்பி இன்னொரு சீட்டு போடச் சொன்னார். வந்த இரண்டாவது சீட்டை விவசாயி முதல் சீட்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டார்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மேலாளர் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கருமந்துறையிலிருந்து வந்தவர். “தம்பி, முன் அறையில் இருபத்தெட்டு. இங்கிருந்து நாற்பது அடி நடந்தால் இருபத்தேழு. நடுவில் கிழங்கு கரைந்துவிட்டதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதைவிட மோசமான சங்கதி ஒன்று இருந்தது: இரண்டு அறையிலும் ஓடிய நிரலை எழுதியவன் நான். 2011இல் எழுதியது. பின் அறைக்காக ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதே சி மொழி மூலத்தைப் பலகைக் கணினியில் வைத்து மறுபடி கம்பைல் செய்து, அதாவது அந்தப் புராசசருக்குப் புரியும் ஆணைகளாக மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். அரை நாள் வேலை என்று பெருமை வேறு பேசியிருந்தேன்.

மேலாளருக்குப் பின் அறைப் பெட்டியின் மேல் சந்தேகம். “விலை மலிவான பெட்டி சார், கணக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றார். வாசலில் நின்ற மற்ற விவசாயிகளுக்கு மேலாளர் மேலேயே சந்தேகம். அவர்களிடம் அதற்கு ஒரு காரணமும் இருந்தது. “சுமாரான கிழங்குக்கு இரண்டு அறையிலும் ஒரே பாயிண்டுதான் வருகிறது. நல்ல சரக்குக்குத்தான் பின் அறையில் வெட்டு விழுகிறது” என்றார் ஒருவர். மிகைப்படுத்துகிறார் என்று அப்போது நினைத்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று பிறகு தெரிந்தது.

கணக்கு

நிரலில் சர்ச்சைக்குரிய இடம் மொத்தம் மூன்று வரி. அடர்த்தியை 125ஆல் பெருக்கு, 114ஐக் கழி, வந்ததில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு முழு எண்ணை எடு. 125, 114 ஆகிய இரண்டும் ஆலையின் அசல் எண்கள் அல்ல. அவற்றை வெளியிட ஆலைக்கு விருப்பமில்லாததால் அதே நோய் வரும்படி வேறு இரண்டு எண்களை வைத்திருக்கிறேன். சீட்டில் இருந்தவற்றையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறேன். வேண்டுபவர்கள் தங்கள் கணினியில் போட்டுப் பார்க்கலாம். காகிதத்தில் போட்டால் 125 × 1.136 = 142. அதில் 114 போக 28. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

தராசுப் பெட்டி அடர்த்தியை மூன்று தசம இடங்களோடு எழுத்தாகவே கணினிக்கு அனுப்பும். முதலில் அந்தக் கம்பியைத்தான் சந்தேகித்தேன். ஓர் இலக்கம் கெட்டு வந்திருக்கலாம், 1.136 என்பது 1.135 ஆகியிருக்கலாம். பதிவுக் கோப்பைத் திறந்தால் இரண்டு பக்கமும் 1.136 என்றே இருந்தது. அடுத்து, எழுத்தை எண்ணாக மாற்றும் இடம். மாற்றிய பின் நினைவகத்தில் இருக்கும் 64 பிட்டுகளை (0, 1 இலக்கங்களை) நான்கு நான்காகச் சேர்த்துப் பதினாறடிமான எண்ணாக, அதாவது 16 இலக்கங்களாக அச்சிட்டேன். இரண்டு பெட்டியிலும் முடிவு நான்கு இலக்கம் 1893. முன்னால் இருந்த பன்னிரண்டும் அப்படியே பொருந்தின. ஆக, கணக்குக்குள் நுழையும் எண் இரண்டு அறையிலும் ஒன்றேதான். உள்ளே போன பிறகுதான் ஏதோ நடக்கிறது.

கழித்து வந்த விடையை, வெட்டுவதற்கு முன்னால், இரண்டு தசம இடங்களோடு திரையில் அச்சிட்டேன். பின் அறைப் பெட்டி இப்படிக் காட்டியது: 28.00, பக்கத்தில் பாயிண்ட் 27. முழு எண்ணை எடுக்கத் தெரியாத கணினியா என்று ஒரு கணம் கோபமே வந்தது. பிறகுதான் உறைத்தது: இரண்டு இடத்தோடு நிறுத்தச் சொன்னது நான், அது முழுமைப்படுத்தி, அதாவது மிக அருகில் இருக்கும் எண்ணாக மாற்றிக் காட்டியிருக்கிறது. பதினேழு இலக்கம் கேட்டபோது உண்மை வெளியே வந்தது: 27.999999999999986. வெட்டினால் 27.

பெருக்கல் எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, பெருக்கி வந்த இடைவிடையையும் அச்சிடும்படி ஒரு வரி சேர்த்தேன். 142 என்று வந்தது. சரியான விடை. அதற்குக் கீழே பாயிண்ட் 28. நோய் காணாமல் போய்விட்டது. சேர்த்த வரியை எடுத்தேன், மறுபடி 27. வரியைச் சேர்த்தேன், 28. பிழை தேடுவதற்கான கட்டமைப்பில், அதாவது கம்பைலர் எதையும் சுருக்காமல் எழுதியபடியே மொழிபெயர்க்கும் முறையில் கம்பைல் செய்தாலும் 28. பார்க்கும்போது ஒழுங்காக நடந்துகொண்டு, தலையைத் திருப்பினால் வாலாட்டும் பையனைப் போல இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அயோத்தியாப்பட்டணம் வரை இதையேதான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அச்சிட ஒரு வரி சேர்த்தால் விடை மாறுகிறது என்றால், கம்பைலர் உருவாக்கும் ஆணைகள் மாறுகின்றன என்று பொருள். இரவு அந்த ஆணைகளையே பிரித்து வைத்துப் படித்தேன். முன் அறை நிரலில் ஒரு பெருக்கல் ஆணை, அடுத்து ஒரு கழித்தல் ஆணை. பின் அறை நிரலில் இரண்டும் இல்லை. அவற்றின் இடத்தில் பெருக்கிக் கழிக்கும் ஒற்றை ஆணை ஒன்று உட்கார்ந்திருந்தது.

அரை, கால், அரைக்கால், வீசம்

இதைப் புரிந்துகொள்ள நம் பழைய பின்னப் பெயர்களே போதும். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்: இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று. கணினிக்கு இயல்பாகத் தெரிந்த பின்னங்கள் இந்த வரிசை மட்டுமே. பாதியின் பாதி, அதன் பாதி என்று போய்க்கொண்டே இருக்கும். ‘டபுள்’ எனப்படும் 64 பிட் எண்ணில், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட மதிப்புகளுக்கு இப்படி 52 படி இறங்கலாம். அதற்குக் கீழே இடமில்லை. மா என்ற பின்னம் கணினிக்கு எட்டாது. இருபதில் ஒன்றை இந்தப் பாதிகளைக் கூட்டி முடிக்கவே முடியாது.

1.136 என்றால் ஒன்று, ஓர் அரைக்கால், மிச்சம் 0.011. அந்த மிச்சத்தில் 128இல் ஒன்று, பிறகு 512இல் ஒன்று என்று பொறுக்கிக்கொண்டே போனாலும் 52ஆம் படியில் சிறிது பாக்கி நிற்கும். கணினி அந்தப் பாக்கியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்கிறது. பெட்டிக்குள் உண்மையில் இருந்தது 1.1359999999999998987 என்ற எண், சுமாராக. கிழங்கு ஆலைக்குள் வருவதற்கு முன்பே அடர்த்தியில் ஒரு துளி குறைந்துவிட்டது. இரண்டு அறையிலும் ஒரே அளவு துளி.

இப்போது பெருக்குங்கள். 125ஆல் பெருக்கினால் துளியும் 125 மடங்காகும்: 141.9999999999999873. இது டபுள் எண்ணுக்குள் அடங்காது. 142க்கு அருகில் டபுள் எண்களின் இடைவெளி பெரிது. 142க்கு முந்திய எண் 141.9999999999999716. நம் விடை இரண்டுக்கும் நடுவே, 142க்குச் சற்று நெருக்கமாக விழுகிறது. முன் அறைக் கணினி பெருக்கலை முடித்த கையோடு விடையை முழுமைப்படுத்தியாக வேண்டும். ஆகவே 142 ஆக்கிவிடுகிறது. முன்பு தொலைந்த துளி திரும்பி வந்துவிட்டது. 114ஐக் கழித்தால் சுத்தமாக 28.

பின் அறைக் கணினி நடுவில் நிற்பதில்லை. பெருக்கி, முழு நீள விடையை உள்ளேயே வைத்துக்கொண்டு, 114ஐக் கழித்து, கடைசியில் ஒரே ஒரு முறை முழுமைப்படுத்துகிறது. கழித்த பிறகு எண் 28க்கு அருகில் வந்துவிட்டது. அங்கே டபுள் எண்களின் இடைவெளி எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 142க்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளி, 28க்குப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிறது. ஆகவே 27.999999999999986.

இதை மேலாளருக்கு விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கேட்டு முடித்ததும் அவர் கேட்டது சரியான கேள்வி: “அப்படியென்றால் எந்தப் பெட்டி சரி?”

சங்கடமான பதில். கொடுத்த எண்ணுக்கு நேர்மையாகக் கணக்குப் போட்டது பின் அறைப் பெட்டி. 1.1359999999999998987ஐ 125ஆல் பெருக்கி 114ஐக் கழித்தால் 28 வரக் கூடாது. 28க்கு ஒரு துளி குறைவாகத்தான் வர வேண்டும். முன் அறைப் பெட்டியில் இரண்டு பிழைகள் நடந்தன. இரண்டாவது பிழை முதல் பிழையை ஈடுகட்டியது. அந்த அதிர்ஷ்டத்தின் மேல்தான் பதின்மூன்று பருவங்களாகச் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

அதிர்ஷ்டம் என்று சும்மா சொல்லவில்லை. பெருக்கும் எண் 125ஆக இருந்ததால் பிழைத்தோம். இந்த அளவில் துளி எவ்வளவு பெருகினாலும் இடைவெளியின் பாதியைத் தாண்டுவதில்லை. அதுவே 100ஆக இருந்திருந்தால், 1.13 அடர்த்தியுள்ள கிழங்குக்கு 100 × 1.13 என்பது முன் அறையிலும் 112.99999999999999 என்றுதான் வந்திருக்கும். 85 கழித்தால் 28 வர வேண்டிய இடத்தில் எல்லாக் கணினியிலும் 27. எல்லா இடத்திலும் ஒரே தவறு நடந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். 27 என்பதே அந்தக் கிழங்கின் பாயிண்டாக நிலைத்துப்போயிருக்கும். அந்த வகைத் தவறை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம்.

நல்ல சரக்குக்கு மட்டும் வெட்டு

அந்த விவசாயி சொன்னதைச் சோதிக்க, முழுப் பாயிண்டில் வந்து நிற்கும் அடர்த்திகளை மட்டும் எடுத்து இரண்டு பெட்டியிலும் ஓட்டினேன். 125ஆல் பெருக்குவதால் 0.008 ஏறும்போதெல்லாம் ஒரு பாயிண்ட் ஏறும். தராசு 0.001 படியில் காட்டுகிறது. ஆகவே எட்டு அளவுகளில் ஒன்று சரியாக முழுப் பாயிண்டில் விழும். மற்ற ஏழும் எல்லையிலிருந்து தள்ளி இருப்பவை. அவற்றுக்கு எந்தப் பெட்டியிலும் வித்தியாசம் வராது.

1.104க்கு இரண்டிலும் 24. 1.112க்கு இரண்டிலும் 25. 1.120க்கு இரண்டிலும் 26. அடுத்து 1.128: முன் அறை 27, பின் அறை 26. 1.136: 28, 27. 1.144: 29, 28. 1.152: 30, 29.

பட்டியலைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. 26 வரை உள்ள கிழங்குக்கு ஒன்றுமில்லை. 27 முதல் ஒன்று வெட்டு. திட்டம் போட்டு ஏமாற்ற நினைப்பவன்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்யமாட்டான். காரணம் சாதுவானது. 1.104, 1.112, 1.120 ஆகிய மூன்றும் பெட்டிக்குள் போகும்போது ஒரு துளி கூடுதலாகப் போகின்றன, 1.128 முதல் வரும் நான்கும் ஒரு துளி குறைவாகப் போகின்றன. கூடுதல் துளியை வெட்டினாலும் பாயிண்ட் குறையாது. குறைந்த துளி ஒரு பாயிண்டையே கொண்டுபோய்விடும். எந்த எண்ணுக்குக் கூடும், எதற்குக் குறையும் என்பது கிழங்கின் தரத்துக்குத் தெரியாது. ஆனால் வாசலில் நிற்பவரிடம் அதைச் சொன்னால் நம்புவாரா? நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

ஏஆர்எம்மைக் குற்றம் சொல்லலாமா

மேலாளர் அந்தப் பலகைக் கணினியைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றொரு மேசைக் கணினி வாங்கும் முடிவில் இருந்தார். அவரைத் தடுத்தது என் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பழைய மடிக்கணினி. இன்டெல் வகையே, ஆனால் 32 பிட் லினக்ஸ். அதில் அதே நிரலை ஜிசிசி கம்பைலரில் போட்டு ஓட்டினேன். 27 என்றது. பெருக்கிக் கழிக்கும் ஒற்றை ஆணை அந்தப் புராசசரில் கிடையவே கிடையாது.

இதன் வேர் 1980இல் இருக்கிறது. அந்த ஆண்டு இன்டெல் 8087 என்ற கணக்குத் துணைச் சில்லை வெளியிட்டது. வில்லியம் கஹன் என்ற கணித அறிஞரின் ஆலோசனையோடு வடிவமைக்கப்பட்ட அந்தச் சில்லில், உள்ளே நடக்கும் கணக்கெல்லாம் 80 பிட் அகலம். இடைவிடைகளுக்கு வெளியே இருப்பதைவிட அதிக இடம் கொடுத்தால் பிழை குறையும் என்பது எண்ணம், நல்ல எண்ணம்தான். 32 பிட் லினக்ஸில் கம்பைலர் அந்த அகலமான அறையிலேயே கணக்கை முடிக்கிறது. 125 × 1.136 அங்கே முழுசாக அடங்கிவிடுவதால் 142 ஆவதில்லை; துளி அப்படியே நிற்கிறது; 27 வருகிறது. அதே காலத்து 32 பிட் விண்டோஸ் கம்பைலர்கள் அந்த அறையை டபுளின் அகலத்துக்குக் குறுக்கி வைத்து ஓட்டின. அதனால் 2011இல் நான் சோதித்தபோது 28. ஒரே சில்லு, இரண்டு இயங்குதளம், இரண்டு விடை.

ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 323ஆம் எண் இந்த 80 பிட் விவகாரம்தான். 2000இல் பதிவானது. அதன்பின் பல ஆண்டுகளாக உலகம் முழுவதிலுமிருந்து புதிது புதிதாக யாராவது அதே பிழையைக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எங்கும் ஒரே விடை என்று சொல்லிச் சந்தைக்கு வந்த ஜாவா என்ற நிரல் மொழியும் இதனால் வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது. 1998இல் வந்த 1.2ஆம் பதிப்பில் விதியைத் தளர்த்தினார்கள். 2021இல் வந்த 17ஆம் பதிப்பில்தான் கண்டிப்பான கணக்கு மீண்டும் பொது விதியானது.

இத்தனைக்கும் இதற்கென்று தரம் இருக்கிறது. ஐஇஇஇ 754, 1985இல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு எண் வடிவம். 1964இல் வந்த ஐபிஎம் சிஸ்டம் 360 பதினாறடிமானத்தில் கணக்குப் போட்டது. அந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தியதில் கஹனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1989இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கொடுத்தார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விடை கடைசி பிட் வரை எப்படி இருக்க வேண்டும் என்று அந்தத் தரம் சொல்கிறது. பெருக்கிக் கூட்டும் ஒற்றை வினையையும் 2008 திருத்தத்தில் சேர்த்துக்கொண்டது. எங்கள் இரண்டு அறைக் கணினிகளும் இந்தத் தரத்துக்குக் கட்டுப்பட்டவைதான். ஒரு வரியை எத்தனை வினைகளாக, எந்த வினைகளாகப் பிரிப்பது என்பது மட்டும் மொழியின் கையிலும் கம்பைலரின் கையிலும் இருக்கிறது. நான் எழுதிய ‘பெருக்கு, கழி’ என்ற வரி ஒரு பெட்டிக்கு இரண்டு வினை, மற்றதற்கு ஒரு வினை.

ஏன் ஒரு பெட்டியில் மட்டும்? 64 பிட் ஏஆர்எம்மில் ஒற்றை ஆணை அடிப்படை ஆணைத் தொகுப்பிலேயே இருக்கிறது. ஆகவே வேகத்துக்காகச் சுருக்கச் சொன்னால் ஜிசிசி அதைத் தயங்காமல் பயன்படுத்தும். இன்டெல் வகையின் 64 பிட் தொகுப்பு 2003இல் வந்தபோது அதில் அப்படி ஒன்று இல்லை. இன்டெல் அதைச் சேர்த்தது 2013இன் ஹாஸ்வெல் சில்லில். பழைய சில்லிலும் ஓட வேண்டும் என்பதால் கம்பைலர்கள் தாமாக அதைத் தொடுவதில்லை. ‘இந்தச் சில்லுக்கென்றே கம்பைல் செய்’ என்று சொன்னால் இன்றைய இன்டெல் பெட்டியிலும் 27 வரும். சொல்லிப் பார்த்தேன்; வந்தது. மேலாளர் புதிய மேசைக் கணினி வாங்கும் எண்ணத்தை அப்போதுதான் கைவிட்டார்.

இடைவிடையை அச்சிட்டதும் நோய் மறைந்த மர்மமும் இதிலேயே அவிழ்ந்துவிடும். அச்சிட வேண்டும் என்றால் பெருக்கலின் விடை தனியாக வேண்டும். தனியாகப் பெருக்கியே தீர வேண்டும் என்றால், ஒற்றை ஆணையால் ஜிசிசிக்கு லாபமில்லை; விட்டுவிடுகிறது.

சேர்த்துப் பார்த்தவை

ஒரு பிழை அகப்பட்டதும் நிரல் முழுவதையும் சல்லடை போட்டேன். ஒன்று கிடைத்தது, சிரிப்பாக. மாலையில் அன்றைய சராசரிப் பாயிண்டை அச்சிடும் பகுதி ஒன்று உண்டு. லாரியே வராத நாளில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து, எண்ணே அல்லாத ஒன்றை உண்டாக்கி, அதை முழு எண்ணாக மாற்றும். முன் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சராசரி −2147483648 என்று விழும். கழித்தல் குறியோடு 214 கோடிக்கு மேல். ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை அது. பின் அறையில் அதே நாளில் 0 வந்தது. இப்படிப்பட்ட மாற்றத்துக்குச் சி மொழி எந்த விடையையும் உறுதி சொல்வதில்லை. இன்டெல் வகை தன் மிகச் சிறிய முழு எண்ணைத் தருகிறது, ஏஆர்எம் பூஜ்யத்தைத் தருகிறது. பூஜ்யம் பார்க்க ஒழுங்காக இருப்பதால் அதுதான் ஆபத்து. −2147483648ஐப் பார்த்து யாரும் பணம் பட்டுவாடா செய்யமாட்டார்கள்.

சைன், அடுக்கு, மடக்கை போன்ற சார்புகள் இந்த நிரலில் இல்லாதது நிம்மதி. அவற்றின் கடைசி பிட்டைத் தரம் கட்டாயப்படுத்துவதில்லை, பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நூலகம் மாறினால் விடையும் சற்று மாறலாம்.

திருத்தம்

மூன்று வழிகள் கண்முன் இருந்தன. கம்பைலரிடம் ‘பெருக்கலையும் கழித்தலையும் ஒட்டாதே’ என்று கட்டளையிடலாம்; ஜிசிசியில் அதற்கு ‘எஃப்பி-காண்ட்ராக்ட்=ஆஃப்’ என்ற விருப்பம் இருக்கிறது. ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஆனால் பழைய அதிர்ஷ்டத்தைத் திரும்ப வாங்குவதுதான் அது. நாளை ஆலை 125ஐ 100 ஆக்கினால் மறுபடி வாசலில் கூட்டம். இரண்டாவது, வெட்டுவதற்கு முன் ஒரு சிட்டிகை கூட்டிவிடுவது. நிறையப் பேர் செய்கிறார்கள். எவ்வளவு சிட்டிகை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருப்பதில்லை; எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவதைச் செய்தேன். தராசு அனுப்பும் 1.136ஐப் புள்ளி எண்ணாக்கவே வேண்டாம். புள்ளியை எடுத்துவிட்டு 1136 என்ற முழு எண்ணாகப் படி. 125 × 1136 = 142000. 114000 கழி. 28000. ஆயிரத்தால் வகுத்தால் 28, மிச்சம் பூஜ்யம். முழு எண் கணக்கில் துளி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இந்த அளவு எண்களுக்கு எந்தச் சில்லிலும் எந்தக் கம்பைலரிலும் ஒரே விடை. 2011இலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட எண்ணைப் பைசாவில் வைத்துக் கணக்குப் போடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. பாயிண்டும் பணம்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

திருத்தும்போது எழுந்த ஒரு கேள்விக்கு மட்டும் நிரலில் விடை கிடையாது. உண்மையாகவே 27.875 வரும் கிழங்குக்கு 27 கொடுப்பது நியாயமா? பாயிண்டில் பாதியைக் கணக்கில் எடுக்கலாமே? வெட்டுவதுதான் வழக்கம் என்றார் மேலாளர். நான் அதைத் தொடவில்லை. ஆலையும் விவசாயிகளும் உட்கார்ந்து பேச வேண்டிய சங்கதி அது. என் பங்குக்கு, வெட்டியது எவ்வளவு என்பதைச் சீட்டில் தனி வரியாக அச்சிட ஏற்பாடு செய்தேன். மேலாளருக்கு அதில் அவ்வளவு சந்தோஷமில்லை.

தை முதல் பின் அறையில் அச்சான சீட்டுகள் எல்லாவற்றையும் பதிவிலிருந்து எடுத்துப் புதிய நிரலில் மறுபடி ஓட்டினோம். பாயிண்ட் குறைந்தவர்களுக்கு வித்தியாசத்தைக் கொடுக்க ஆலை ஒப்புக்கொண்டது. கருமந்துறைக்காரர் பணம் வாங்க வந்தபோது என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் கையோடு ஒரு கூடைக் கிழங்கு கொண்டுவந்திருந்தார். பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்ட பிறகு, “முதலில் பின் அறை” என்றார்.

சாம்பிளைத் தண்ணீரில் தொங்கவிட்டோம். 1.144. சீட்டில் பாயிண்ட் 29, வெட்டு 0. அதே கூடையை முன் அறைக்குத் தூக்கிப்போனோம். ரிப்பன் இன்னும் மாற்றப்படவில்லை, மங்கலாகத்தான் விழுந்தது. சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தார். 29. இரண்டையும் பழைய சீட்டுகளோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டு, வெட்டு என்று ஒரு வரி புதிதாக இருக்கிறதே, அது என்ன என்று மேலாளரைப் பார்த்துக் கேட்டார்.